கொரியப் பிள்ளைகள் உயரமாகிவிட்டார்களா, சீக்கிரம் வளர்கிறார்களா?

2024 அக்டோபரில் தென் கொரியப் பத்திரிகைகள் ஒரே செய்தியைக் கொட்டை எழுத்தில் போட்டன. பத்து ஆண்டுகளில் நாட்டின் பையன்கள் சராசரியாக 4.3 செ.மீ., பெண் பிள்ளைகள் 2.8 செ.மீ. உயர்ந்துவிட்டார்கள். ஏழு வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ள ஆயிரத்துச் சொச்சம் பேரை அளந்து அரசே வெளியிட்ட கணக்கு இது. படித்தவுடன் யாருக்கும் ஒரு கணக்கு மனதில் ஓடும். பத்து வருடத்துக்கு நாலு செ.மீ. என்றால், இன்னும் ஒரு தலைமுறையில் கொரியாவில் கல்லூரிக்குப் போகிற பையன் எல்லாம் ஆறடியைத் தாண்டியிருப்பானே?

தாண்டியிருக்க மாட்டான். அதே நாட்டுப் பள்ளிகளின் மருத்துவப் பரிசோதனைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களின் சராசரி உயரம் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து 173, 174 செ.மீ. என்ற இடத்தைவிட்டுப் பெரிதாக நகரவில்லை. பெண்களும் அப்படியே, 161 செ.மீ. பக்கத்தில் நின்றுவிட்டார்கள். அதாவது பிள்ளைகளின் சராசரி நாலு செ.மீ. கூடியிருக்கிறது, ஆனால் பள்ளியை முடித்து வெளியே வருகிறவர்கள் கிட்டத்தட்ட பழைய உயரத்தில்தான் இருக்கிறார்கள். இரண்டும் சரியான கணக்குதான். எப்படி இரண்டும் சரியாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொண்டால், உயரம் பற்றி வருகிற செய்திகளில் பாதிக்கு மேல் தானாக விளங்கிவிடும்.

முதலில் பழைய கதையிலிருந்து வருவோம். ஏனென்றால் கொரியர்கள் நிஜமாகவே உயரமானவர்கள்தான், அதுவும் உலகமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

ஒரு சாண் வளர்ந்த பெண்கள்

2016-இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு 200 நாடுகளின் உயரக் கணக்கை ஒன்று சேர்த்து வெளியிட்டது. 1896-இல் பிறந்தவர்கள் வளர்ந்து பெரியவர்களானபோது எவ்வளவு உயரம் இருந்தார்கள், 1996-இல் பிறந்தவர்கள் எவ்வளவு இருந்தார்கள் என்ற ஒப்பீடு. அந்த நூறு வருடத்தில் உலகத்திலேயே அதிகமாக உயர்ந்தவர்கள் தென் கொரியப் பெண்கள். 142 செ.மீ. அளவில் இருந்தவர்கள் 162 செ.மீ. ஆனார்கள். இருபது செ.மீ. என்பது கிட்டத்தட்ட ஒரு சாண். ஆண்களும் சுமார் 160-லிருந்து 175-க்கு வந்தார்கள்.

1896-இல் பிறந்த கொரியப் பெண்களை ஊர் ஊராகப் போய் யாரும் அளந்து வைக்கவில்லை. கிடைத்த தரவுகளை வைத்துப் பின்னோக்கிக் கணித்த எண் அது. ஆகவே இருபது என்பதில் இரண்டு மூன்று செ.மீ. கூடக் குறைய இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிழையைக் கழித்துப் பார்த்தாலும் பாய்ச்சல் பாய்ச்சல்தான்.

கையில் நாடா பிடித்து அளந்த கணக்கும் உண்டு. ஆடை, மேசை, நாற்காலி எல்லாவற்றுக்கும் அளவு வகுப்பதற்காகக் கொரிய அரசு 1979-லிருந்து மக்களின் உடல் அளவுகளை எடுத்துவருகிறது. 1979-இல் ஆண்களின் சராசரி 166.1 செ.மீ., பெண்களின் சராசரி 154.3 செ.மீ. 2020–21-இல் எடுத்த எட்டாவது கணக்கெடுப்பில் 172.5, 159.6. இதில் இருபது வயது இளைஞரும் இருக்கிறார், 69 வயதுத் தாத்தாவும் இருக்கிறார். அதனால்தான் இளைஞர்களின் 174-ஐவிட இது குறைவாகத் தெரிகிறது. உயரமான தலைமுறை ஒன்று வந்தால், நாட்டின் மொத்தச் சராசரியில் அது முழுதாகத் தெரிய ஐம்பது வருடமாவது ஆகும்.

மரபணு மாறியதா?

நூறு வருடம் என்பது நாலு தலைமுறை. அதற்குள் ஒரு நாட்டின் மரபணுக்கள் இந்த அளவுக்கு மாற வழியே இல்லை. ஆனால் உயரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் பரம்பரை என்றும் படிக்கிறோமே, அது பொய்யா?

பொய் இல்லை. அந்த 80 சதவீதம் ஒரே காலத்தில், ஒரே மாதிரிச் சூழலில் வளர்ந்தவர்களுக்கு இடையே இருக்கிற வித்தியாசத்தைப் பற்றியது. ஒரு வகுப்பில் யார் முதல் வரிசையில் நிற்பார், யார் கடைசி வரிசையில் நிற்பார் என்பதைப் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வந்தது தீர்மானிக்கிறது. அந்த வகுப்பு மொத்தமும் எந்த உயரத்தில் நிற்கும் என்பதைச் சோறும் சுகாதாரமும் தீர்மானிக்கின்றன. குட்டையான அப்பாவின் மகன் தன் வகுப்பில் குட்டையாகவே இருக்கலாம். ஆனாலும் அப்பாவைவிட ஆறு செ.மீ. உயரமாக இருப்பான்.

இதற்குக் கொரியாவே மிகக் கொடூரமான சான்றைத் தந்திருக்கிறது. வடக்கும் தெற்கும் ஒரே மக்கள், ஒரே மரபு. பிரிந்தது 1945-இல். 1990-களின் நடுவில் வட கொரியாவில் பெரும் பஞ்சம் வந்தது. 1998-இல் ஐ.நா. அமைப்புகள் உள்ளே போய் அளந்தபோது, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 62 சதவீதம் பேர் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் குன்றிப் போயிருந்தார்கள். அங்கிருந்து தப்பித் தெற்கே வந்த இளைஞர்கள், தெற்கில் பிறந்த அதே வயதுக்காரர்களைவிடப் பல செ.மீ. குட்டையாக இருந்தார்கள். 2017-இல் எடுத்த கணக்கில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் குன்றிய வளர்ச்சி 19 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஒரே இனம், நடுவில் ஒரு முள்வேலி. மரபணு பற்றி இதற்கு மேல் வாதிட எனக்கு ஒன்றும் இல்லை.

சோறும் புழுவும்

தெற்கில் என்னதான் நடந்தது? பால் குடித்தார்கள், இறைச்சி சாப்பிட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதை.

சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிப்போம். 1960-கள் வரை கொரியக் கிராமங்களில் வசந்த காலம் என்றால் பசிக் காலம். போன அறுவடையின் அரிசி தீர்ந்திருக்கும், வயலில் பார்லி இன்னும் பழுத்திருக்காது. அந்த இடைப்பட்ட வாரங்களைப் ‘பார்லி மேடு’ என்றே சொல்வார்கள், ஏறிக் கடக்க வேண்டிய மேடு. அப்புறம் 1970-களில் அரிசியை மிச்சம் பிடிக்க அரசு ஒரு இயக்கமே நடத்தியது. மதிய வேளையில் ஆசிரியர் வகுப்பைச் சுற்றி வருவார். பிள்ளைகள் சோற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே வெறும் அரிசிச் சோறு இருந்தால் திட்டு விழும். பார்லியோ வேறு தானியமோ கலந்திருக்க வேண்டும். 1970-இல் ஒரு கொரியர் ஆண்டுக்குச் சாப்பிட்ட அரிசி 136 கிலோ, இறைச்சி வெறும் 5 கிலோ. 2022-இல் அரிசி 57 கிலோவுக்கு இறங்கியிருந்தது. மாடு, பன்றி, கோழி மூன்றும் சேர்ந்து 58 கிலோவைத் தொட்டு அரிசியையே முந்திவிட்டன.

இன்னொரு பாதி வயிற்றுக்குள் இருந்தது. 1963-இல் ஜோஞ்சு நகரில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைக் குடல் அடைப்போடு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அறுவைச் சிகிச்சையில் அவள் குடலிலிருந்து எடுத்த உருளைப் புழுக்கள் 1,063. அவள் பிழைக்கவில்லை. அந்தச் சம்பவம் நாட்டை உலுக்கியது. அடுத்த ஆண்டே ஒட்டுண்ணி ஒழிப்புச் சங்கம் தொடங்கப்பட்டது, 1966-இல் தனிச் சட்டம் வந்தது, 1969 முதல் பள்ளிகளில் ஆண்டுக்கு இரண்டு முறை மலப் பரிசோதனை. பெயர் எழுதிய சின்ன உறை ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள், மறுநாள் அதை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். புழு இருப்பதாகத் தெரிந்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் மாத்திரை விழுங்க வைப்பார்கள். இன்று ஐம்பது அறுபது வயதில் இருக்கிற எந்தக் கொரியரைக் கேட்டாலும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். 1971-இல் நாட்டு மக்களில் 84 சதவீதம் பேரின் மலத்தில் புழு முட்டை இருந்தது. 1992-இல் 4 சதவீதத்துக்கும் கீழே.

உயரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. குழந்தை சாப்பிட்டதில் ஒரு பங்கைப் புழு எடுத்துக்கொள்ளும். அடிக்கடி வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தால், உடல் இருக்கிற சத்தை நோயை எதிர்க்கத் திருப்பிவிட்டு எலும்பு வளர்ச்சியை நிறுத்தி வைக்கும். தட்டில் போடுகிற சோற்றைக் கூட்டினால் மட்டும் போதாது, உள்ளே போனது உடம்பில் ஒட்ட வேண்டும். இதோடு குடும்பங்களும் சிறுத்தன. 1960-இல் ஒரு தாய்க்கு ஆறு பிள்ளைகள் என்ற கணக்கு, 1983-இல் இரண்டுக்கு வந்துவிட்டது. இருக்கிற முட்டையும் பாலும் ஆறு வாய்க்குப் பதில் இரண்டு வாய்க்குப் போயின.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, இறுதி உயரத்தில் கூடும் சென்டிமீட்டர்கள் பெரும்பாலும் எந்த வயதில் சேர்கின்றன என்பது. பல நாட்டுத் தரவுகளைப் பார்த்தவர்கள் சொல்வது, முதல் இரண்டு வயதுக்குள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இந்த விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது. கருவில் இருக்கும்போதும் தவழும்போதும் கிடைத்த ஊட்டம்தான் பிற்காலத்தில் கால் எலும்பின் நீளமாகத் தெரிகிறது. பதினாலு வயதில் ஊட்டச்சத்துப் பொடி கரைத்துக் கொடுப்பவர்களுக்கு இது கசக்கும்.

வேகம் என்கிற இன்னொரு கணக்கு

இப்போது அந்த 4.3 செ.மீ.க்குத் திரும்பலாம்.

குழந்தை முதல் வருடத்தில் சுமார் 25 செ.மீ. வளர்கிறது, இரண்டாம் வருடத்தில் அதில் பாதி. அப்புறம் ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. என்று நிதானமாகப் போகும். பருவமடையும் காலத்தில் மறுபடி ஒரு பாய்ச்சல், பெண்களுக்கு உச்சத்தில் ஆண்டுக்கு எட்டு செ.மீ., பையன்களுக்கு ஒன்பது பத்து. எலும்பின் நுனிகளில் இருக்கிற குருத்தெலும்புத் தட்டுகளில்தான் இந்த வளர்ச்சி நடக்கிறது. ஆனால் பாய்ச்சலைத் தொடங்கிவைக்கிற அதே பருவ ஹார்மோன்கள்தான் அந்தத் தட்டுகளை மூடவும் செய்கின்றன. பெண்ணுக்கு மட்டுமில்லை, பையனுக்கும் கடைசியில் தட்டை மூடுவது ஈஸ்ட்ரோஜன்தான். மூடியபின் எந்தப் பாலும் எந்தப் பயிற்சியும் அதைத் திறக்காது.

ஆக, ஒரு பிள்ளையின் வளர்ச்சியில் இரண்டு விஷயம் இருக்கிறது. எவ்வளவு உயரத்தில் போய் நிற்கும் என்பது ஒன்று, எப்போது நிற்கும் என்பது இன்னொன்று. முன்னதை உயரம் என்றும் பின்னதை வேகம் என்றும் வைத்துக்கொள்வோம். ஊட்டமும் சுகாதாரமும் மேம்படும்போது இரண்டும் சேர்ந்தே மாறும். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் உயரம் நின்றுவிடும், வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும். மதுரைக்குப் போகிற பேருந்து இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று வையுங்கள். நடுவழியில் திண்டுக்கல்லில் நின்று பார்ப்பவருக்கு, இது நேற்றைய பேருந்தைவிட எவ்வளவோ முன்னால் போய்விட்டதாகத் தெரியும். ஆனால் கடைசியில் அதுவும் மதுரையில்தான் போய் நிற்கும்.

கொரியப் பிள்ளைகள் இப்படி முன்னதாகக் கிளம்புகிறார்கள் என்பதற்குச் சான்று பெண்களின் பூப்பெய்தும் வயது. 1920-களின் தொடக்கத்தில் பிறந்த கொரியப் பெண்கள் சராசரியாகப் பதினேழை நெருங்கும்போது வயதுக்கு வந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது பதினாலுக்கும் கீழே வந்துவிட்டது. 2024-இல் வந்த அந்த அறிக்கையிலும் இந்த விவரம் இருக்கிறது, தலைப்பில்தான் இல்லை. பத்தாண்டுக்கு முன்னால் பையன்கள் பதினாறு வயதில் எட்டிய நிலையை இப்போது பதினாலில் எட்டிவிடுகிறார்கள். பெண்கள் பதினாலில் எட்டியதைப் பதின்மூன்றில் எட்டுகிறார்கள்.

பதின்மூன்று வயதுப் பையன்களின் பழைய தலைமுறையையும் புதிய தலைமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? பழைய பையன் இன்னும் பாய்ச்சலைத் தொடங்கவே இல்லை, புதியவன் அதில் பெரும்பகுதியை முடித்துவிட்டான். வித்தியாசம் மலைபோல் தெரியும். பதினெட்டு வயதில் அதே இருவரையும் நிறுத்துங்கள், கிட்டத்தட்ட ஒட்டி நிற்பார்கள். 1965-ஐயும் 2005-ஐயும் ஒப்பிட்ட கொரிய ஆய்வுகளிலும் இதுதான் தெரிந்தது: வளர்ந்து முடித்தவர்களிடையே ஐந்து செ.மீ. அளவில் இருந்த வேறுபாடு, பருவ வயதுப் பிள்ளைகளிடையே அதைவிட மிகப் பெரிதாக இருந்தது. ஏழு முதல் பத்தொன்பது வரை எல்லாரையும் போட்டு ஒரு சராசரி எடுத்தால், நடுவில் இருக்கிற இந்தப் பருவ வயதுக்காரர்கள் அந்தச் சராசரியை மேலே தூக்கிவிடுவார்கள்.

ஒரே ஆண்டின் பள்ளிக் கணக்கை வைத்தும் இதைப் பார்க்கலாம். 2018-இல் ஆறாம் வகுப்பில் பையன்களும் பெண்களும் சராசரியாக ஒரே உயரம், 152 செ.மீ. ஒன்பதாம் வகுப்பில் பையன்கள் 170, பெண்கள் 160. பன்னிரண்டாம் வகுப்பில் பையன்கள் 174, பெண்கள் 161. (வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள்தான், ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அளந்தது இல்லை. ஆனாலும் போக்கு தெரியும்.) ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பெண்களுக்கு வித்தியாசம் ஒரு செ.மீ. கூட இருக்குமா என்பது சந்தேகம். ஆறாம் வகுப்பிலேயே பெரும்பாதையைக் கடந்துவிட்டார்கள். பையன்களுக்கு அந்த வயதில் இன்னும் இருபது செ.மீ.க்கு மேல் பாக்கி.

ஆணுக்கும் பெண்ணுக்கும் கடைசியில் வருகிற 13 செ.மீ. இடைவெளிக்கும் காரணத்தில் பெரும்பங்கு இதுவே. பையன்களின் பாய்ச்சல் சுமார் இரண்டு வருடம் தாமதமாகத் தொடங்குகிறது. அந்த இரண்டு வருடமும் ஆண்டுக்கு ஐந்து செ.மீ. வீதம் குழந்தைப் பருவ வளர்ச்சி அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது, பாய்ச்சலும் சற்று வலுவாக இருக்கிறது.

ஏன் நின்றது?

எல்லா நாட்டிலும் நிற்கிறது. ஜப்பானில் 1990-களிலேயே நின்றுவிட்டது, இன்று கொரிய இளைஞர்கள் ஜப்பானிய இளைஞர்களைவிட மூன்று செ.மீ. உயரம். உலகத்திலேயே உயரமான நெதர்லாந்தில் ஒரு படி கீழே இறங்கியே விட்டது: 2001-இல் பிறந்த ஆண்கள் 1980-இல் பிறந்தவர்களைவிட ஒரு செ.மீ. குட்டை. பசியும் நோயும் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டால், மரபணு எதுவரை அனுமதிக்கிறதோ அதுவரை உடல் வளரும். அதற்கு மேல் அள்ளிப் போடுகிற சோறு குறுக்கேதான் வளர்க்கும். உடல் பருமன் கூடினால் பருவம் இன்னும் முந்தி வர வாய்ப்பு உண்டு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம்.

பெற்றோரின் கணக்கு

கொரியாவில் உயரம் ஒரு பெரிய மனக்கவலை. 180 செ.மீ. இல்லாத ஆண் தோற்றவன் என்று 2009-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு மாணவி சொல்லப்போய், நாடே கொந்தளித்தது. சராசரி 174 இருக்கிற நாட்டில் 180 என்றால் பெரும்பாலானவர்கள் தோற்றவர்கள்தான் என்று ஆகிறது.

அங்கே பெற்றோர்கள் விரல் நுனியில் வைத்திருக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, பெண் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 172, அம்மா 160 என்றால் மகன் 172.5, மகள் 159.5. இது எதிர்பார்ப்பின் நடுப்புள்ளி மட்டும்தான், எட்டு ஒன்பது செ.மீ. இருபக்கமும் போகலாம். சூத்திரத்தில் இருக்கிற 13 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இந்தக் கவலையை நம்பி வளர்ச்சிக் கிளினிக்குகள், சத்து மாத்திரைகள், வளர்ச்சி ஹார்மோன் ஊசிகள் என்று ஒரு தனிச் சந்தையே நடக்கிறது. ஹார்மோன் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்த ஊசி நிஜமான மருந்து. குறைபாடில்லாத பிள்ளைக்கு ‘உயர ஊசி’ என்று போடுவதை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்துவருகிறது. முன்கூட்டியே பருவமடைகிறார்கள் என்று சிகிச்சைக்கு வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கையும் பத்தாண்டில் இரு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. இதில் நிஜமாகவே பருவம் முந்தியவர்களும் உண்டு, பயத்தில் கூட்டிவரப்பட்டவர்களும் உண்டு.

இங்கேதான் உயரத்தையும் வேகத்தையும் பிரித்துப் பார்ப்பது நடைமுறையில் உதவுகிறது. கொரிய மருத்துவர்கள் பயன்படுத்தும் 2017 வளர்ச்சி அட்டவணையில், மூன்று வயதுக்கு மேல் உள்ள எண்கள் 1997, 2005 ஆண்டுகளில் எடுத்த அளவுகளை வைத்து வரைந்தவை. இன்றைய பிள்ளைகள் அவர்களைவிட வேகமானவர்கள். ஆகவே பதினொரு வயது மகளை அந்த அட்டவணையில் வைத்துப் பார்த்து, நூற்றில் எண்பது பேரைவிட உயரம் என்று அம்மா சந்தோஷப்பட்டால், மருத்துவர் உடனே தலையாட்ட மாட்டார். இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். குருத்தெலும்புத் தட்டுகள் எந்த அளவுக்கு மூடிவருகின்றன என்பதை வைத்து அதில் எலும்பின் வயது தெரியும். அது பதின்மூன்று என்றால், அந்தப் பெண் உயரமானவள் இல்லை, முந்திக்கொண்டவள், வளர இன்னும் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அதே வகுப்பில் வரிசையின் முதல் ஆளாக நிற்கிற பையனின் எலும்பு வயது ஒன்பதரை என்று வந்தால், அவன் அப்பாவும் பத்தாம் வகுப்பில்தான் திடீரென்று வளர்ந்தாராமா என்று விசாரித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.